மூன்று கறுப்புக் குப்பிகளும் ஒரு கள்ளு வண்டியும்

கொழிஞ்சாம்பாறைக்காரனுக்குக் கோயமுத்தூர் பக்கத்து ஊர். மேற்கே பாலக்காடு தாண்டினால் வெளிநாடு. கேரளத்தில்தான் பிறந்தேன், கேரளத்தில்தான் ரேஷன் வாங்குகிறேன். ஆனாலும் பொன்னானியில் போய் இறங்கும்போதெல்லாம் சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றும். என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது என்பது வேறு விஷயம்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளன் நான். உதவி என்றால் குப்பி கழுவுவது. அங்கே பிந்து டீச்சர் ஒரு வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாதவர்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். ஆனைமலை அடிவாரத்திலிருந்து இலை, சருகு, வைக்கோல், தேங்காய் மட்டை என்று பாரதப்புழை அள்ளிக்கொண்டு போவதெல்லாம் பொன்னானிக் கழிமுகத்தில் போய்ச் சேருகிறது. ஆறும் கடலும் கலக்கிற அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் பந்தியில் உட்கார்ந்து அதைத் தின்கின்றன. அவற்றை, வால் முளைத்த வேறு சில பொடியன்கள் தின்கின்றன. பொடியன்களை இறால் குஞ்சு, குஞ்சை மீன், மீனை நான். இலையில் இருந்த கரிமத்தில் எவ்வளவு இப்படி உடம்பாகிறது, எவ்வளவு மூச்சாகி ஆகாயத்துக்குப் போகிறது, எவ்வளவு தப்பிப் பிழைத்துக் கடலுக்குப் போகிறது? இதுதான் டீச்சரின் கேள்வி.

மூச்சை அளக்க ஒரு வழி உண்டு. ஒரே இடத்துத் தண்ணீரை ஆறு குப்பிகளில் நிரப்ப வேண்டும். மூன்றில் உடனே இரண்டு மருந்துகளை விட்டு மூடினால், அதிலிருக்கும் பிராணவாயு அப்படியே பழுப்பு வண்டலாகச் சிறைப்பட்டுவிடும். மற்ற மூன்றை வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியில் சுற்றி, அதே ஆற்றுச் சூட்டில் இருபத்துநாலு மணி நேரம் வைத்து, பிறகு மருந்து விட வேண்டும். முதல் நாள் பழுப்பைவிட இரண்டாம் நாள் பழுப்பு எவ்வளவு வெளுத்திருக்கிறதோ, அவ்வளவு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது.

இதை நான் இப்படி விளக்குவதைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். பதினொரு மாதம், மாதம் ஒரு தடவை, டீச்சரோடு நானும் பொன்னானி போனேன். போனேன் என்றால் கரைவரை. எனக்குத் தண்ணீர் பயம். டீச்சரும் படகுக்கார மொய்தீன்க்காவும் நடு ஆற்றில் மூச்சை அளந்துகொண்டிருக்க, நான் கரையில் உட்கார்ந்து பொரித்த கல்லும்மக்காயை அளந்துகொண்டிருப்பேன். சிப்பிக்குள் இருக்கிற அந்தச் சதைத்துண்டும் இதே பொடியன்களைத்தான் வடிகட்டித் தின்று வளர்கிறதாம். அப்படிப் பார்த்தால் கரிம ஓட்டத்தில் என் பங்கும் உண்டு. கட்டுரையில் என் பெயர் வராது, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் மாதம் டீச்சர் கல்லூரிப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அந்த மாதத்தோடு அவருடைய ஆய்வு வேலைக்குக் கொடுத்த அவகாசம் முடிகிறது. ஒரு மாதம் விட்டுப்போனால் வருஷம் முழுமையாகாது. அந்த மாதம் அடுத்த வருஷமும் வரும். டீச்சருக்கு அந்த வேலை இருக்காது.

“மணி, நீ போவியா?” என்றார். மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆய்வகத்தில் வைத்து எனக்கு மருந்து விடக் கற்றுக்கொடுத்தார். இரண்டு சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் இரண்டு மருந்து, இரண்டு சிரிஞ்சு. இரண்டாவது மருந்து கையில் பட்டால் தோல் வெந்துபோகும். “பயப்படாதே” என்றார். அதற்கு முன்வரை பயப்படவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டீச்சர் திருச்சூர்க்காரர். என்னோடு பேசும்போது என்மேல் உள்ள மரியாதைக்குத் தமிழில் பேசுவார். நான் அவர்மேல் உள்ள மரியாதைக்கு மலையாளத்தில் பேசுவேன். வாசலில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, எங்கள் உரையாடல் அந்த வகை. பதினொரு மாதம் முட்டாமல் தப்பித்தோம்.

படகில் ஏறியதும் நடுப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “பலகையை விட்டால்தானே மோனே தண்ணி எடுக்க முடியும்” என்றார் மொய்தீன்க்கா. ஒரு கையை மட்டும் விட்டேன். கடல் ஏற்றம் உள்ளே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் எங்கள் சித்தூர் ஆறு மாதிரி கண்ணாடியாக இல்லை. பருப்புக் குழம்பு மாதிரி. அத்தனையும் சாப்பாடு. குமிழி இல்லாமல் ஆறு குப்பியும் நிரப்பி, மூன்றுக்கு மருந்து விட்டேன். கலங்கிப் பழுப்பு இறங்கியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மணி பதினொன்று நாற்பது. மறுநாள் அதே பதினொன்று நாற்பதுக்கு மற்ற மூன்றுக்கும் விட வேண்டும்.

கரைக்கு வந்து டீச்சரைக் கூப்பிட்டேன். கழிமுகக் காற்று போனுக்குள் புகுந்து ஊதியது. “டீச்சர், மூணும் கழிஞ்ஞு. பாக்கி மருந்து எந்தா செய்யேண்டது?” என்று என் மலையாளத்தில் கேட்டேன்; மூன்றும் முடிந்தது, மிச்ச மருந்தை என்ன செய்ய என்று அர்த்தம். அவர் தன் தமிழில் பதில் சொன்னார். காற்று பாதியைத் தின்றது. எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: “பாக்கி மருந்தை... ஒழிச்சாப் போதும்.”

சரி, நாளைக்குப் புது மருந்து வரும்போல என்று மொய்தீன்க்கா வீட்டுப் பின்னால் போய், ஒரு குழி தோண்டி, இரண்டு மருந்தையும் ஒழித்துக் குப்பியை நன்றாகக் கழுவிக் கவிழ்த்தேன். குப்பி கழுவுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

“இவ்வளவு தூரம் சுமந்து வந்தது எங்க மண்ணுக்குக் குடுக்கவா?” என்றார் மொய்தீன்க்கா.

“டீச்சர் சொன்னாங்க” என்றேன். கறுப்புத் துணி சுற்றிய மூன்று குப்பிகளையும் அவருடைய படகுத்துறைக் கட்டையில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் மீன் குழம்புமாகச் சாப்பிடப் போனேன். எங்கள் ஊரில் குழம்பு சோற்றுக்குத் துணை; பொன்னானியில் சோறு இல்லாவிட்டாலும் குழம்பு தனியாகக் குடும்பம் நடத்தும்.

நாலு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார். “மணி, நாளைக்கு மருந்து ஒழிக்க மறக்கக் கூடாது, கேட்டோ?”

“அது அப்பத்தன்னே ஒழிச்சு டீச்சர்!”

“எதில ஒழிச்சே?”

“மண்ணில்.”

எங்கள் வீட்டில் பாத்திரத்தை ஒழிப்பது என்றால் உள்ளே இருப்பதை வெளியே கொட்டுவது. மலையாளத்தில் ஒழிப்பது என்றால் ஊற்றுவது. தெரியாத சொல்லா? டீக்கடையில் தினம் கேட்கிற சொல். ஆனால் டீச்சர் தமிழ் பேசுகிறார் என்று நான் தமிழ்க் காதோடு கேட்டேன். அவருடைய தமிழில் அந்த ஒரு சொல் மட்டும் மலையாளமாகவே நின்றிருந்தது. ‘நாளைக்கு’ என்ற சொல்லைக் காற்று கொண்டுபோயிருந்தது.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பதினொரு மாசமும் சரியா இருபத்துநாலு மணி நேரம்” என்றார் மெதுவாக. “பன்னெண்டாவது மட்டும் இருபத்தாறு, இருபத்தேழுன்னு எழுதினா, கேக்கறவங்ககிட்ட நான் எந்தா பறயும்?” கடைசி இரண்டு சொல்லும் மலையாளமாகிவிட்டது. அதாவது நிலைமை மோசம்.

ஆய்வகத்தில் வேறு மருந்து இருந்தது. அதைக் கொண்டுவர ஆள் வேண்டும்; குப்பிகளை விட்டு நான் நகர முடியாது. அப்போதுதான் காளியப்பன் மச்சான் நினைவு வந்தார். என் மனைவியின் அண்ணன். தினமும் காலையில் சித்தூர்த் தோப்புகளிலிருந்து கள்ளு ஏற்றிக்கொண்டு மேற்கே பட்டாம்பிக் கடைகளுக்கு வேன் ஓட்டுகிறவர்.

“பட்டாம்பி வரைக்குந்தானுங் மாப்ள பெர்மிட்டு. அதுக்கு மேல ஒரு சக்கரம் உருண்டாலும் நான் உள்ள போயிருவனுங்” என்றார்.

“பட்டாம்பி போதுமுங் மச்சான். நான் அங்க வந்தர்றேன். பத்தரைக்குப் பஸ் ஸ்டாண்டு.”

“என்னதுங் அது, கொண்டாரது?”

“மருந்துங். குப்பியில ஊத்தறதுக்கு. டீச்சர் காலேஜ் கேட்டுல குடுக்கச் சொல்லிருவாங்க.”

“சரிங். டிபன் பாக்ஸுல வெச்சுக்கறனுங்.”

மறுநாள் காலை. குப்பிகளைத் துறையிலிருந்து எடுத்து, கழிமுகத் தண்ணீர் நிரப்பிய தெர்மாகோல் பெட்டிக்குள் முக்கி வைத்தேன். பக்கத்தில் நேற்றைய மூன்று. ஒரு வெப்பமானி. இருபத்தெட்டு காட்டியது. “இருபத்தெட்டில்தான் நிக்கணும். ஏறினால் உள்ளே இருக்கிறவங்க வேகவேகமாத் தின்பாங்க, கணக்கு தப்பிடும்” என்று டீச்சர் சொல்லியிருந்தார். என் வயிறும் அப்படித்தான் என்பதால் எனக்கு உடனே விளங்கியது.

கேரளத்தில் தெர்மாகோல் பெட்டியோடு பஸ் ஏறினால் நீங்கள் மீன்காரர். வேறு அடையாளம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மா மூடியைத் தட்டினார். “என்ன மீன்?”

“மீன் இல்லைம்மா. மீனோட சாப்பாட்டோட சாப்பாடு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டார். பின்சீட்டில் யாரோ, “பாவம், எங்கேயோ வீட்டில் இருந்து வெளியே விட்டிருக்காங்க” என்று சொன்னது கேட்டது.

ஒன்பதே கால். ஒரு ஏற்றத்தில் பஸ் பெரிதாக முனகி நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்தார், டிரைவர் இறங்கிப் பார்த்தார், பிறகு எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். கிளட்ச் போய்விட்டதாம். அடுத்த பஸ் எப்போது என்றேன். “வரும்” என்றார் கண்டக்டர். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தப் பதில் ஒன்றுதான்.

வெப்பமானி முப்பது. ரோட்டோர எலுமிச்சை சர்பத் கடையில் ஐஸ் கேட்டேன். கடைக்காரர் ஒரு கட்டியை அப்படியே பெட்டிக்குள் போடப் போனார். பாய்ந்து தடுத்தேன். “ஒவ்வொரு துண்டாத்தான் போடணும். சளி பிடிச்சுடும்.” “யாருக்கு?” என்றார். பதில் சொல்ல நேரமில்லை. ஒரு துண்டு, இருபத்தொன்பதரை. இன்னொன்று, இருபத்தெட்டரை. நிறுத்தினேன், மிச்சத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டேன். என் சட்டை முழுதும் நனைந்திருந்தது. பெட்டியும் கசிந்தது, நானும் கசிந்தேன்.

ஆட்டோ கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். குழி வரும்போதெல்லாம் குப்பிகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க என் உடம்பையே ஸ்பிரிங்காக்கி ஏறி இறங்கினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “கர்ப்பிணிகளைக்கூட இவ்வளவு கவனமா ஏத்திட்டுப் போனதில்லை சேட்டா” என்றார்.

பத்து நாற்பதுக்குப் பட்டாம்பி பஸ் ஸ்டாண்டு. வேன் இல்லை. மச்சானைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும். மறுபடியும். நிழலில் பெட்டியை வைத்து, அதன்மேல் என் நிழலையும் வைத்துக்கொண்டு நின்றேன். டீச்சர் கூப்பிட்டார். எடுக்கத் தைரியம் வரவில்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு மச்சான் எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மாப்ள, புடிச்சுட்டாங்க.”

“யாருங்?”

“எக்சைஸுங். கெழக்கால ஆறு கிலோமீட்டருல, ஆலமரத்துக்கிட்ட. மருந்தப் பாத்துட்டாங்க.”

அதே ஆட்டோ. டிரைவரிடம் ஒன்றும் விளக்கவில்லை. கிழக்கே என்று கையைக் காட்டினேன். பதினொன்று பதினைந்துக்கு ஆலமரம் தெரிந்தது.

வேனின் பின்கதவு திறந்திருந்தது. வெள்ளைக் கேன்கள் வரிசையாக நின்றன. மச்சான் பக்கத்தில் கைகட்டி நின்றார். வேன் பானெட்டின்மேல் டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. உள்ளே எங்கள் இரண்டு குப்பிகள். இளம் காவலர் ஒருவர் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார். சீல் வைக்கப் போகிறார்கள். சீல் வைத்தால் பிறகு அந்த மருந்தை நாங்கள் பார்ப்பது ஏதாவது கோர்ட்டில்தான்.

அதிகாரி என்னையும் பெட்டியையும் ஏற இறங்கப் பார்த்தார். பாதி தமிழ், பாதி மலையாளம். “நீதான் மாப்பிள்ளையா? கள்ளு வண்டியில இது என்னன்னு கேட்டேன். மருந்துன்னு சொன்னான்.”

கள்ளு உலகத்தில் ‘மருந்து’ என்றால் ஒரே அர்த்தம். கலப்படம்.

“எதுக்குன்னு கேட்டேன். ‘குப்பியில் ஒழிக்கான்’னு, ஊத்தறதுக்குன்னு சொன்னான். கள்ளு, மருந்து, குப்பி, ஒழிக்கான். இன்னும் என்ன வேணும் எனக்கு?”

“நெசத்தத்தானுங் சொன்னேன்” என்றார் மச்சான் என்னிடம். “இனிமே சொல்லமாட்டனுங்.”

நான் பெட்டியைத் திறந்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. கறுப்புத் துணி சுற்றிய மூன்று குப்பி, பழுப்பு வண்டலோடு மூன்று குப்பி, இரண்டு சிரிஞ்சு. உருக்கிக்கொண்டிருந்த காவலர் கையை நிறுத்திவிட்டார்.

“சிரிஞ்சுமா!” என்றார் அதிகாரி.

“சார், இது கழிமுகத் தண்ணி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆளுக இருக்காங்க. மூச்சு விடறாங்க. பதினொண்ணு நாப்பதுக்கு மருந்து விடலேன்னா—”

“கண்ணுக்குத் தெரியாத ஆளுக” என்று அவர் திருப்பிச் சொன்னார். இளம் காவலர் என் வாயருகே வந்து மோந்து பார்த்தார்.

டீச்சரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு அவருடைய மலையாளம் வந்தது, வகுப்பறை மலையாளம்; இங்கே தமிழில் தருகிறேன். கேட்டதும் மச்சான்கூட நிமிர்ந்து நின்றார்.

“சார், உங்க கடிகாரத்தில மணி என்ன?”

“பதினொண்ணு இருபத்தாறு.”

“பதினாலு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள நான் சொல்றது உங்களுக்குச் சம்மதம் ஆகலேன்னா சீல் வெச்சுக்கோங்க. அந்த ரெண்டாவது குப்பி கடுங்காரம். தோலில பட்டா வெந்துபோகும். கலப்படம் பண்றவன் குடிக்கிறவன் நாளைக்கும் வரணும்னு நினைப்பான் சார். இதைக் கலந்தா இன்னைக்கே ஆஸ்பத்திரி.”

அதிகாரி குப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “அப்போ எதுக்கு இது?”

டீச்சர் சொன்னார். ஆற்றோடு வரும் இலை, தின்பவர்கள், மூச்சு, கடல். பன்னிரண்டாம் மாதம். மாவுக்கட்டு. ‘ஒழிச்ச’ கதையையும் சொன்னார், அதை விட்டிருக்கலாம். இளம் காவலர் அரக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்று சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்துமூன்று. வேன் கேன்களைப் பார்த்தார். என் பெட்டியைப் பார்த்தார். வெப்பமானி இருபத்தொன்பதுக்கு நகர்ந்திருந்தது. என்னிடம் இருந்த கடைசி ஐஸ் துண்டு அப்போது பையில் தண்ணீராகிவிட்டிருந்தது.

“நான் எப்படி நம்பறது?”

“நேத்து மருந்து விட்டது மூணு குப்பி அங்க இருக்கு சார். இன்னைக்கு விடறது அதைவிட ஒரு நூல் வெளுத்து வரணும். வந்தா, உள்ள யாரோ ராத்திரி முழுக்க மூச்சு விட்டிருக்காங்க. வரலேன்னா...” டீச்சர் நிறுத்தினார். “வரலேன்னா மணியைப் புடிச்சுக்கோங்க.”

என்னைக் கேட்காமலே என்னைப் பணயம் வைத்தார். கேட்டிருந்தால் பஸ் ஏறியிருப்பேன்.

பதினொன்று முப்பத்தேழு. அதிகாரி தொப்பியைக் கழற்றி வைத்தார். “வண்டிக்குப் பத்தடி தள்ளி. என் கண் முன்னால். ஒரு துளி அந்தப் பக்கம் போகக் கூடாது.”

ஆலமர வேரின்மேல் மூன்று குப்பிகளையும் வைத்துக் கறுப்புத் துணியை அவிழ்த்தேன். சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சினேன். படகில்கூட இப்படித் தனியாக நிற்கவில்லை. அங்கே பலகை இருந்தது. “முப்பத்தொன்பது” என்றார் அதிகாரி. அவருடைய குரலிலும் ஏதோ ஏறியிருந்தது. “நாப்பது. ஒழி.”

முதல் மருந்து. இரண்டாவது. மூடி. தலைகீழ், தலைகீழ். அடுத்தது. அடுத்தது. மூன்றிலும் மேலேயிருந்து பழுப்பு மேகம் உருண்டு இறங்கியது. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. வண்டல் அடியில் உட்காரும்வரை எத்தனை வருஷம் ஆயிற்றென்று தெரியவில்லை.

அதிகாரி ஒரு கையில் நேற்றையது, ஒரு கையில் இன்றையது எடுத்து ஆகாயத்துக்கு நேரே பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். அந்தக் கண்ணைத் திறந்து இந்தக் கண்ணை மூடினார். இளம் காவலரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“நேத்தையது பாலில்லாத கட்டன் சாயா சார்” என்றார் அவர். “இன்னைக்கு, அதில கொஞ்சம் வெள்ளம் ஒழிச்ச மாதிரி.” தண்ணீரைத்தான் வெள்ளம் என்றார்.

“ஆமா” என்றார் அதிகாரி. குப்பியை இறக்கவில்லை. “எத்தனை பேர் உள்ள?”

“எண்ணத் தொடங்கினா டீச்சர் ரிட்டயர் ஆயிடுவாங்க சார்.”

அவர் மெல்லத் திரும்பிக் கள்ளுக் கேன்களைப் பார்த்தார். மூடி இடுக்கில் நுரை கசிந்து சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டிருந்தது. “அப்ப இதிலயும்...?”

“அதே தொழில்தான் சார்” என்றது ஸ்பீக்கர். “அங்க இலையைத் தின்னு மூச்சு. இங்க தென்னஞ் சர்க்கரையைத் தின்னு மூச்சு. நுரை அதுதான்.”

சட்டம் சட்டம்தான். உருக்கிய அரக்கு வீணாகாமல், கள்ளில் ஒரு குப்பி எடுத்துச் சீல் வைத்துக்கொண்டார்கள். வண்டியை விட்டார்கள். எங்கள் மருந்தைத் திருப்பித் தந்தார்கள். நான் ஆலமர வேரில் உட்கார்ந்தேன்.

“மணி” என்றார் டீச்சர். ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன். “மூணிலும் ஒழிச்சோ?”

“எந்த பாஷையில கேக்கறீங்க டீச்சர்?”

அந்தப் பக்கம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பாதியில் உடைந்து வேறு மாதிரியாகிவிட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “பன்னெண்டாச்சு, மணி” என்றார். நேரத்தைச் சொல்கிறார் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. பிறகுதான் மாதக் கணக்கு என்று உறைத்தது.

ஆறு குப்பிகளையும் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். அதிகாரி குனிந்து நின்று பார்த்தார். மச்சான் மிச்ச மருந்து இருந்த இரண்டு குப்பிகளையும் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு உதவி செய்கிற முகத்தோடு ரோட்டோர வாய்க்காலைப் பார்த்து நடந்தார்.

“ஏனுங் மாப்ள, வேல முடிஞ்சுதுங்களே. இதைய ஒழிச்சுப் போட்டறட்டுங்களா?”

“வேண்டாம்!” என்று கத்தினோம், நானும் அதிகாரியும் ஒரே குரலில். அவர் தமிழில், நான் மலையாளத்தில்.